பலகை நிறைந்திருந்தது

ஜன்னலை மூடாதீர்கள் சார். வெயில் அடித்தால் நான் அந்த ஓரத்துக்கு வந்துவிடுகிறேன், ஆனால் ஜன்னல் திறந்தே இருக்கட்டும். எனக்குச் சத்தம் கேட்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு கார் என்று கண்டக்டரிடம் கேட்டீர்கள் இல்லையா, அவர் சொன்னது பாதிதான் சரி. காரமேட்டில் விமானக் கண்காட்சி, நேற்றும் இன்றும். அது உண்மை. ஆனால் அவர் சொன்ன மாதிரி ராக்கெட்டும் கிடையாது, குண்டு போடுவதும் கிடையாது. நாலைந்து சின்ன விமானங்கள், பாராசூட்டில் குதிக்கிறவர்கள், கடைசியாக ஒரு பழைய விமானம். இந்த ஜனம் முழுக்க அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான் வருகிறது. ஹார்வர்ட் என்று பெயர். மஞ்சள் நிறம். எண்பது வயது. அந்தக் காலத்தில் சண்டை விமானம் ஓட்டப் போகிறவர்களுக்கு முதலில் இதில்தான் கற்றுக்கொடுப்பார்கள். பறக்கிற நிலையில் நாட்டில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அதன் வாலுக்குள் கை விட்டு வேலை செய்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. நேற்று நாலு மணி வரைக்கும் பெருமைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி என்ன? மூன்று பத்தா. நாலு மணிக்குத்தான் அதை எடுப்பார்கள். நேரம் இருக்கிறது.

என் பெயர் செங்கோட்டுவேல். கரூரில் ஒரு வங்கியில் கிளார்க். அதற்கு முன்னால் இருபது வருடம் விமானப்படையில் ஃபிட்டர், சார்ஜென்டாக வெளியே வந்தேன். பறக்கிறவன் இல்லை சார், பறக்க வைக்கிறவன். வெளியே வந்து பதினேழு வருடம் ஆகிறது. இந்தப் பதினேழு வருடத்தில் ஒரு நாளாவது என்னை யாராவது தேடி வந்திருப்பார்களா என்றால், இல்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு வருகிறவர்கள்கூட அடுத்த கவுண்டரைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஃபெர்னாந்து சார் போன் பண்ணினார். தூத்துக்குடிக்காரர், வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். "வேலு, யுத்த காலத்து ஓடுதளம் ஒண்ணு ஒங்க ஊர்ப் பக்கம் கெடக்குல்லா, அங்க ஒரு பழைய ஹார்வர்டைக் கொண்டாந்து போட்டிருக்காவ. பறக்க வைக்கணும்ங்காவ. கை நடுங்காத ஆளு ஒருத்தன் வேணும்டே" என்றார்.

கை நடுங்காத ஆள். அந்த வார்த்தைக்காக இரண்டு வருடம் சனி ஞாயிறு இதே பஸ்ஸில் போய் வந்தேன் சார். சம்பளம் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஹாங்கருக்கு, அதாவது விமானம் நிறுத்துகிற கொட்டகைக்கு, போனாலும் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஒவ்வொரு திருப்புளிக்கும் அதன் உருவத்திலேயே சிவப்புச் சாயம் அடித்திருக்கும். நீங்கள் ஸ்பானரை எடுத்தால் சிவப்பு தெரியும். எடுத்த இடத்தில் உங்கள் நம்பர் போட்ட பித்தளை வில்லையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் கருவியை மாட்டிவிட்டு வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் பலகையில் சிவப்பு எங்கேயும் தெரியவில்லை என்றால் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு இடத்தில் சிவப்புத் தெரிந்தாலும், விமானத்தின் உள்ளே விட்டிருக்கலாம் என்று பொருள். அது கிடைக்கிற வரை எந்த விமானமும் நகராது. கமாண்டரே வந்து நின்றாலும் நகராது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பீர்கள். பைலட் கையில் ஒரு தண்டு இருக்கிறது, ஸ்டிக் என்பார்கள். அதை முன்னும் பின்னும் ஆட்டினால், உள்ளே ஓடுகிற கம்பி வடம் வாலில் இருக்கிற மடலை ஏற்றி இறக்கும். மடல் ஏறினால் மூக்கு ஏறும். அந்த வடம் ஓடுகிற வழியில் ஒரு சின்னத் திருப்புளி போய் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். மூக்கு இறங்கும்போது மாட்டினால் இறங்கினது இறங்கினதுதான்.

ஃபெர்னாந்து சார் காரமேட்டிலும் அதே மாதிரி பலகை செய்து மாட்டியிருந்தார். அவர் கையாலேயே சாயம் அடித்தார். ஆக, கண்காட்சிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பலகை நிறைந்திருந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பலகை நிறைந்திருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

ஆனால் என்னிடம் இன்னொரு திருப்புளி இருந்தது.

கட்டை விரல் நீளம்தான் இருக்கும். ஜோத்பூரில் இருந்தபோது உடைந்த ஒன்றை நானே அரைத்து, தேக்கில் கைப்பிடி கடைந்து போட்டேன். முப்பது வருடமாக என் வேலைக் காற்சட்டையின் தொடைப் பையில் இருக்கிறது. சொந்தக் கருவியை ஹாங்கருக்குள் கொண்டுவரக் கூடாது, அது சட்டம். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நான்தான் புதிதாக வருகிற பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே. ஆனால் என்னுடையதை யாரும் கேட்டதில்லை. ஃபெர்னாந்து சார் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். "ஒம் பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டியாடே" என்று ஒரு முறை கேலி செய்திருக்கிறார். அவ்வளவுதான். அவர் அன்றைக்கே கண்டித்திருந்தால் இன்றைக்கு இது வந்திருக்காது. அதை யாரும் யோசிக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வால் மடல் வடம் ஒன்றில் ஒரு இழை பிரிந்திருந்தது, புது வடம் மாற்றினோம். பின் சீட்டுக்குப் பின்னால் முறம் அளவுக்கு ஒரு மூடி இருக்கிறது, அதைக் கழற்றித்தான் உள்ளே கை விட முடியும். மூன்று மணிக்கு முடித்தேன். ஃபெர்னாந்து சார் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், வடத்தை இழுத்துப் பார்த்தார், "தங்கம்டே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பராமரிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். நான் மூடியை மாட்டியிருக்க வேண்டும். மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வடத்தைப் பிடித்திருந்த பட்டையில் ஒரு திருகு, இன்னும் கால் சுற்று முறுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சரியாகத்தான் இருந்தது. அவரும் பார்த்துவிட்டார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பலகையில் இருந்த திருப்புளி நீளம், அந்த இடுக்கில் திரும்பாது. என்னுடையதை எடுத்து உள்ளே விட்டுக் கால் சுற்று முறுக்கினேன்.

அப்போதுதான் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். பைலட் வந்துவிட்டார், எல்லோரும் இறக்கைக்கு முன்னால் நிற்க வேண்டும், வேலு எங்கே, வேலுவைக் கூப்பிடுங்கள் என்று. யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை சார். போனேன். போட்டோ எடுத்தோம். டீ குடித்தோம். வந்து பலகையிலிருந்து நீளத் திருப்புளியை எடுத்து மூடியை மாட்டினேன், பதினாறு திருகு, அதைத் துடைத்துப் பலகையில் மாட்டினேன், வில்லையை எடுத்துக்கொண்டேன். "கருவியெல்லாம் வந்துட்டா?" என்று ஃபெர்னாந்து சார் கேட்டார். நான் பலகையைப் பார்த்தேன். வந்துவிட்டது சார் என்றேன்.

பொய் இல்லையே. நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்டது பலகையில் இருக்கிற கருவியை.

கொஞ்சம் இருங்கள், போன் அடிக்கிறது. வீட்டுக்காரி.

ஆங், ராஜாமணி, சொல்லு. பஸ்ஸிலதான் போயிட்டிருக்கேன். வெள்ளகோவில் தாண்டியாச்சு. இல்ல, பந்தியிலயே சாப்பிட்டனல்ல, ராத்திரிக்கு ஒண்ணும் வேண்டாம். சரி. சரி வெச்சர்றேன்.

அவளுக்கு எதுவும் தெரியாது. கண்காட்சியின் இரண்டாம் நாளையும் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று அவளையும் கூட்டிப் போயிருந்தேன். எனக்கு இரண்டு பாஸ் கொடுத்திருந்தார்கள், வேலை செய்தவர்கள் குடும்பத்துக்கு முன் வரிசை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான் என் சாம்பல் நிறக் காற்சட்டையைத்தான் போட்டிருந்தேன், வேலை செய்கிற காற்சட்டை, ஃபெர்னாந்து சார் எல்லோரும் அப்படியே வரச் சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு அதை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் முதலில் இருமும் சார், நெஞ்சுச் சளிக்காரன் மாதிரி. கொஞ்சம் நீலப் புகை. அப்புறம் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டதும் நான் பழக்கதோஷத்தில் தொடையைத் தட்டினேன். படையிலும் இங்கேயும் ஒவ்வொரு முறை இன்ஜின் பிடிக்கும்போதும் தட்டியிருப்பேன், நானே அறியாமல்.

பை தட்டையாக இருந்தது.

முதலில் கைக்குத்தான் தெரிந்தது. மூளைக்கு வர ஒரு நிமிடம் ஆனது. மற்ற பைகளைப் பார்த்தேன். ராஜாமணியின் கைப்பையை வாங்கிப் பார்த்தேன். "என்னங்க தேடறீங்க" என்றாள். கண்ணாடி என்றேன். "மூக்கு மேலதான இருக்குது" என்றாள்.

அதற்குள் அது ஓடுதளத்தின் கோடிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கயிறு கட்டியிருந்தார்கள். பத்தடிக்கு ஒருவர் நீலச் சட்டை போட்ட பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், கையில் வயர்லெஸ். ஃபெர்னாந்து சாருக்கு போன் போட்டேன். அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் எங்கே லைன் கிடைக்கும். கயிற்றுக்கு ஓடினேன். ஒரு பெண் பிள்ளை, "என்னங்க அங்கிள்?" என்று கேட்டது. வயர்லெஸ் அது கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

எனக்கு உண்மையிலேயே போக வேண்டியிருந்தது சார். பதற்றத்தில் அப்படி வரும். அந்தப் பிள்ளை கையைக் காட்டியது. நான் திரும்பினால் பின்னால் அந்தச் சத்தம், அதன் விசிறி முழு வேகம் பிடித்தால் ஒரு ஊளை வரும், வேறு எந்த விமானத்துக்கும் வராது. எழும்பிவிட்டது. எழும்பிய பிறகு நான் யாரிடம் என்ன சொல்லி என்ன ஆகும்? சொல்லுங்கள். மேலே இருக்கிறவர் என்ன, ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பாரா?

பன்னிரண்டு நிமிடம். ஜனமெல்லாம் மூக்கைப் பார்த்தது, இறக்கையைப் பார்த்தது. நான் வாலை மட்டும் பார்த்தேன். மடல் ஏறுகிறதா, இறங்குகிறதா. ஒவ்வொரு திருப்பத்திலும் என் கை தானாக முன்னும் பின்னும் ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் பேத்தியிடம், தாத்தா பாரு, பிளேன் ஓட்டறார் என்று சொன்னார். தாழப் பறந்து எங்கள் தலைக்கு மேலே போனபோது, ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இதற்காக உழைத்தவர்கள் பெயரைப் படித்தது. ஃபெர்னாந்து சார் பெயர். இன்னும் இரண்டு பேர். அப்புறம் என் பெயர். சார்ஜென்ட் செங்கோட்டுவேல் என்று முழுசாக.

ராஜாமணி என் முழங்கையில் இடித்தாள். "எந்திரிச்சுக் கும்பிடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

எழுந்து கும்பிட்டேன். கை தட்டினார்கள். அவள் அழுதுவிட்டாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் எனக்காக அவள் சந்தோஷத்தில் அழுதது அது ஒன்றுதான். நான் கும்பிட்ட கையோடு வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. பூ மாதிரி இறங்கியது.

நீங்கள் கேட்பது சரிதான். இறங்கியவுடன் போய்ச் சொல்லியிருக்கலாமே. போனேனே. சொல்லத்தான் போனேன். அங்கே போனால் ஃபெர்னாந்து சார் கட்டிப் பிடித்துக்கொண்டார், எழுபத்திரண்டு வயது மனிதர். பைலட் இறங்கி வந்தார். குரூப் கேப்டன் பொன்னப்பா, குடகுக்காரர், ஓய்வு பெற்று இப்போது குன்னூரில் இருக்கிறார், நம் தமிழ் ஓரளவு பேசுவார். என் தோளில் கை போட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது வேலு என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரே ஒரு தடவை, லேசா, ஸ்டிக் பிடிக்கிற மாதிரி இருந்தது. புது கேபிள்தானே. பழகிடும் இல்லையா?" என்று கேட்டார்.

என்னைத்தான் கேட்டார். சுற்றி அத்தனை பேர் இருக்க, ஃபெர்னாந்து சார் இருக்க, என்னைக் கேட்டார்.

பழகிடும் சார் என்றேன்.

புது வடம் அப்படித்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று முறை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். நான் சொன்னதில் தொழில்முறையில் ஒரு தப்பும் கிடையாது. உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் நாளைக்கு இவளை ஒரு கரணம் அடிக்க வைக்கிறேன் என்றார். நேராக மேலே ஏறி, தலைகீழாக வந்து, சுற்றிக் கீழே இறங்குவது. நேற்று தலைகீழாகப் போகவே இல்லையே, உள்ளே ஏதாவது இருந்தாலும் கிடந்த இடத்தில் கிடந்திருக்கும். தலைகீழாகப் போனால் அது உருளும், விழும், எங்கே வேண்டுமானாலும் போகும். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ராத்திரி எங்கேயும் போகாது, ஹாங்கரில்தானே இருக்கும், நானே திறந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஆறு மணி வரைக்கும் ஜனம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தது. அப்புறம் பூட்டிவிட்டார்கள். சாவி ஃபெர்னாந்து சாரிடம். சாவி கேட்டால் எதற்கு என்பார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். அலமாரி, ஸ்கூட்டர் டிக்கி, துவைக்கப் போட்ட துணி. ராஜாமணி கண்ணாடியைக் கொண்டுவந்து டேபிள்மேல் வைத்துவிட்டு, "இத எத்தன வாட்டிதான் தேடுவீங்க" என்றாள். வெள்ளிக்கிழமை எடுத்த அந்த போட்டோ அவள் போனில் இருந்தது. பெரிது பண்ணிப் பார்த்தேன். இறக்கைக்கு முன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். என் தொடைப் பையை மறைத்துக்கொண்டு ஃபெர்னாந்து சாரின் முழங்கை. நான் அதைப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தேனா, பையில் போட்டேனா? வைத்த மாதிரியும் இருக்கிறது, போட்ட மாதிரியும் இருக்கிறது. டீக்கடைப் பக்கம் விழுந்திருக்கலாம். பஸ்ஸில் விழுந்திருக்கலாம். இந்த சீட்டுக்கு அடியில்கூட, நான் ஏறியதும் குனிந்து பார்த்தேனே, நான் செருப்பைத் தேடுகிறேன் என்று நினைத்து நீங்கள்கூடக் காலை நகர்த்திக்கொண்டீர்கள். அதைத்தான் தேடினேன்.

பல்ராம் யாதவ் என்று ஒருவன் இருந்தான். நான் படையில் இருந்தபோது, தேஸ்பூரில். இருபத்தொரு வயது. ஒரு நாள் சாயங்காலம் பலகையில் சிவப்பு தெரிந்தது, ஒரு ஸ்பானர், மாட்டியிருந்த வில்லை அவனுடையது. என்னிடம் வந்து, அண்ணா ஒரு மணி நேரம் கொடுங்கள், தேடிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டான். இந்திக்கு நடுவில் அவன் தமிழில் அண்ணா என்றது இன்னும் காதில் இருக்கிறது. நான் ஒரு நிமிடம்கூடத் தரவில்லை. நேராகப் போய் எழுதிக்கொடுத்தேன். இரண்டு நாள் மொத்த ஸ்க்வாட்ரனும் நின்றது. மூன்றாவது நாள் கை கழுவுகிற தொட்டிக்குக் கீழே சாக்கடையில் கிடைத்தது. அவனுக்குத் தண்டனை, மாற்றல், பிரமோஷன் போயிற்று. நான் செய்தது சரி. இன்றைக்கும் சொல்வேன், சரி. ஒரு உயிர் விஷயத்தில் ஒரு மணி நேரம் என்ன, ஒரு நிமிடம் தரக் கூடாது.

அவனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் என்று சில சமயம் தோன்றும். ஆனால் என்ன எழுதுவது.

இது வேறு சார். அது வேறு. அதில் பலகையில் சிவப்பு தெரிந்தது. இதில் பலகை நிறைந்திருந்தது. அதுவுமில்லாமல் நான் எனக்காகப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருப்பது யார் கையெழுத்து? ஃபெர்னாந்து சாருடையது. நான் வாயைத் திறந்தால் முதலில் அடிபடுகிறவர் அவர்தான். எழுபத்திரண்டு வயதில் அந்த மனிதரை நான் தலை குனிய வைக்க வேண்டுமா? அவரைக் காப்பாற்றத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் காலையில் எழுந்ததும் முடிவு பண்ணிவிட்டேன். போய்ச் சொல்லிவிடுவது. காலையிலேயே கிளம்பியிருப்பேன், ஆனால் என் சகலை பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருந்தால் ராஜாமணிக்கு அவர்கள் வீட்டில் மரியாதை இருக்காது. போனால் பந்தியில் உட்காராமல் விடுவார்களா? உட்கார்ந்தால், என் சகலை நேற்று ஒலிபெருக்கியில் என் பெயர் வந்த கதையைக் கேட்காமல் விடுவாரா? எல்லோருக்கும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வீடியோ காட்டினேன். பாயசம் இரண்டாவது தடவை ஊற்றினார்கள். வெளியே வரும்போது மணி ஒன்றே முக்கால்.

டிக்கெட் எடுக்கும்போதுதான் கண்டக்டர் சொன்னார். "காரமேட்டுப் பிரிவுல இன்னைக்கு வண்டி நிக்காதுங்க. போலீஸ்காரங்க பைபாஸ்ல திருப்பி உடறாங்க. பல்லடத்துல எறங்கி வேற வண்டி புடிச்சு வாங்க." பல்லடம் போய்த் திரும்பி வந்தால் ஐந்து மணி. சரி, பல்லடம் ஒன்று கொடுங்கள் என்று வாங்கிவிட்டேன். வேறு என்ன செய்வது.

காங்கயம் தாண்டிவிட்டோமா? இதோ பாருங்கள், கார் எல்லாம் நின்றுவிட்டது. நம்ம வண்டியும் நின்றுவிட்டது.

சார், நான் ஒன்று கேட்கலாமா. உங்கள் மடியில் இருக்கிற அந்த குக்கர் பெட்டியை இப்படிக் கொடுங்கள், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் போனில் ஒரு நம்பர் போடுங்கள். பாஸுக்குப் பின்னால் அச்சடித்திருக்கிறது, ஹாங்கர் நம்பர், இதோ. யார் எடுத்தாலும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், பறப்பதற்கு முன்னால் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூடியைக் கழற்றி ஒரு தடவை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான். யார் பேசுவது என்று கேட்டால் வைத்துவிடுங்கள். உங்களை யாருக்குத் தெரியும். என் போனில் அடித்தால் என் பெயர் வந்துவிடும், அதற்குத்தான்.

போகிறதா ரிங்? போகட்டும்.

அந்த போன் ஹாங்கரின் உள்ளே ஒரு டேபிள்மேல் இருக்கிறது. பலகைக்கு நேர் கீழே. இந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்க மாட்டார்கள், எல்லோரும் ஓடுதளத்தில் நிற்பார்கள். எடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். இல்லை, தெரிந்து நான் கேட்கவில்லை, யாராவது தண்ணீர் குடிக்க வந்தால் எடுப்பார்கள் இல்லையா. நின்றுவிட்டதா? இன்னொரு தடவை போடுங்கள்.

ஃபெர்னாந்து சார் செல் நம்பரா? இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. ஆனால் அவர் சத்தத்தில் எடுக்க மாட்டார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இன்றைக்கு எத்தனை தடவை முயன்றேன் என்றா? இன்றைக்கு லைன் கிடைக்காது என்று எனக்குத் தெரியுமே சார், நேற்றே கிடைக்கவில்லையே.

அப்படிப் பார்க்காதீர்கள்.

இருங்கள். பேசாதீர்கள் கொஞ்சம்.

கேட்கிறதா. அந்த ஊளை. நாலு மணி என்று சொன்னார்கள், அதற்குள் எடுத்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், அந்தப் புளியமரத்துக்கு மேலே. மஞ்சளாக. நல்ல வெயிலில் எப்படி இருக்கிறது பாருங்கள். அதன் வயிற்றுக்கடியில் எண்ணெய்க் கறைகூடக் கிடையாது, அவ்வளவு சுத்தம், நான்தான் துடைத்தேன். இப்போது தாழ வருவார், வேகம் பிடிப்பதற்கு. வேகம் பிடித்தால்தான் மேலே ஏற முடியும். ஏறுகிறார். மூக்கு ஏறுகிறது. நேராக ஏறுகிறது.

இப்போது பார்த்து வண்டியை எடுக்கிறானே. கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்துங்க. நீங்களாவது சொல்லுங்கள் சார், என் குரல் அவருக்குக் கேட்கவில்லை போல.

இது என்ன சுவர்? மில் சுவரா. வானமே மறைந்துவிட்டதே.

போனை வைக்காதீர்கள். அடித்துக்கொண்டே இருக்கட்டும். மணி பார்த்தீர்களா, மூன்று ஐம்பத்தாறு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஐம்பத்தாறுக்கு நாம் போன் பண்ணினோம். எடுக்கவில்லை. நாம் பண்ணாமல் இல்லை. நீங்கள்தான் சாட்சி.

ஒரு கரணத்துக்கு இருபது விநாடி. நான் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். இருபது எப்போதோ ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்கிறதா உங்களுக்கு? எனக்கு நம்ம வண்டிச் சத்தம்தான் கேட்கிறது. இந்த மில்லுக்கு எவ்வளவு நீளம் சார் சுவர்.